சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை

"ஊசி வேண்டாம், இப்போதைக்கு மாத்திரையே போதும்" என்று டாக்டர் சொன்னதும் நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். வயதில் சின்னவர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடை வரிசையில் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்தார். நோய் வந்துவிட்டதே என்று நான் கலங்குவதாக நினைத்துக்கொண்டு மேசை மேலிருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அழாதீங்க ஆன்டி. நெறைய பேருக்கு இருக்கு. இத வெச்சிக்கிட்டே நல்லா வாழலாம்."

நான் அழுதது அதற்காக இல்லை. எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்துவிட்டது என்பதைச் சில வாரங்களாகவே நான் ஊகித்திருந்தேன். ஊசியா மாத்திரையா என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை அவரிடம் விளக்கிச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்போது கண்ணாடி ஊசி. அதைக் கொதிக்கவைக்கவே அம்மா ஒரு சின்னச் சட்டியைத் தனியாக வைத்திருந்தார். அந்தச் சட்டியில் வேறு எதையும் யாரும் வைக்கக் கூடாது. காலையில் சட்டியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டால் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் பின்வாசலுக்குப் போய்விடுவோம். அப்பா ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் ஊசி இறங்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிற்பாடு அவர் காலில் ஒரு புண் வந்தது. அது ஆறவே இல்லை. காலை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. இனிப்பு நீர் என்றால் எனக்கு அந்தச் சட்டிதான், அந்தக் கால்தான். வேறு விதமாகவும் அந்த நோய் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் அந்தக் கிளினிக்குக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். நான் கோலாலம்பூரில் ரப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையிலிருந்து மாலைவரை காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரே குரலில், "குட் மார்னிங், ஒன் மொமன்ட் ப்ளீஸ், வில் யூ ஹோல்ட்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சுவிட்ச்போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாத வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டு எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சாதாரணத் தாகம் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஃபிளாஸ்க் தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் காலியாகிவிடும். குடித்த தண்ணீர் உள்ளே தங்காது. அடிக்கடி எழுந்து ஓடுவேன். பக்கத்து மேசை மலாய்ப் பெண் என் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு, "மறுபடியுமா காக்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டுச் சிரிப்பாள். டைப்பிஸ்டாக இருந்த சீனப் பெண் ஒருநாள் என் ரவிக்கைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "வாஹ், யூ சோ ஸ்லிம் லா! என்ன சாப்பிடுறே, எனக்கும் சொல்லு" என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவும் முதலில் மெலியத்தான் செய்தார்.

கிளினிக்கில் என் சிறுநீரை நீல மருந்தோடு கலந்து குழாயில் சூடாக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் முகத்தைப் பார்க்காமல் குழாயைக் கழுவப் போய்விட்டாள்.

அப்புறம்தான் டாக்டர் மாத்திரை என்றார், நான் அழுதேன்.

சின்ன வெள்ளை மாத்திரை. பாதி துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. மிஸ்ஸி கவரில் போட்டுக் கொடுக்கும்போது விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"அக்கா, இதப் போட்டுட்டு சும்மா இருந்துடாதீங்க. அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். சாப்பாடு லேட்டாச்சுன்னா சீனி ரொம்ப எறங்கிடும். கை நடுங்கும், வேர்க்கும். அப்ப ஒரு மிட்டாய் வாயில போட்டுக்குங்க. கைப்பைல எப்பவும் மிட்டாய் இருக்கணும், சரியா?"

"இனிப்பு நீருக்கு மிட்டாயா?" என்று கேட்டேன்.

"ஆமா லா. மாத்திர வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள்.

மாத்திரை வேலை செய்தது. சோற்றைக் குறைத்தேன், தேநீரில் சீனியை நிறுத்தினேன், சாயங்காலம் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றி நடந்தேன். அதெல்லாமும் சேர்ந்துதான். ஆனால் ஒரு மாதம் போவதற்குள் தாகம் விட்டுப்போனது. ராத்திரி படுத்தால் காலையில்தான் எழுந்தேன். மங்கலாகத் தெரிந்த கண் தெளிந்து, ஊசியில் நூல் கோக்க முடிந்தது. அடுத்த முறை கிளினிக்கில் குழாய் நீலமாகவே நின்றபோது மிஸ்ஸி அதை உயர்த்திப் பிடித்து வெளியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்படி காட்டினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பரீட்சையில் பாஸான மாதிரி சந்தோஷம்.

இவ்வளவு லேசாக இருக்கும் ஒரு விஷயத்தை நான் ஊருக்கே மறைத்து வைத்திருந்தேன். கணவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். காரணம் மகள்தான். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கேயே வேலை செய்த கிள்ளான் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் இவளைப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலும் பெரிதாக எதிர்ப்பு இல்லை. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. பெண்ணின் அம்மாவுக்கு இழுப்பு நோய், அது பரம்பரையாக வரும் என்று மாப்பிள்ளை வீட்டில் பின்வாங்கிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் கணவர் மாத்திரைக் கவரைப் பிஸ்கட் டின்னுக்குள் வைக்கத் தொடங்கினார்.

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம்" என்றார். ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவர், எதிலும் முன்ஜாக்கிரதை. நானும் சரி என்றேன். என் அப்பாவுக்கு இருந்தது, இப்போது எனக்கு, அடுத்தது மகளுக்கு என்று அவர்கள் கணக்குப் போட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிள்ளானுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, ராத்திரிச் சாப்பாடு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலிருந்தே எனக்குப் பதற்றம். மத்தியானம் சோறு இறங்கவில்லை, பாதித் தட்டை வைத்துவிட்டேன். கிளம்பும்போது ஒரு யோசனை வந்தது. அவர்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் மாத்திரையை எடுத்து விழுங்க முடியாது. இங்கேயே போட்டுக்கொண்டு போய்விட்டால், போய்ச் சேர்ந்ததும் சாப்பாடுதானே? போட்டுக்கொண்டேன். பட்டுப் புடவைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று சின்னப் பையை எடுத்துக்கொண்டேன். மிட்டாய் பெரிய பையிலேயே தங்கிவிட்டது.

பங்சாரைத் தாண்டும்போது மழை பிடித்தது. ஃபெடரல் ஹைவேயில் ஏறினால் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. முன்னால் எங்கேயோ ஒரு லோரி கவிழ்ந்துவிட்டதாக யாரோ ஜன்னலைத் திறந்து சொன்னார்கள். எங்கள் பழைய காரின் வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் துடைக்கும். என் கணவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு ஊர்ந்துபோனார். பத்து தீகா என்ற ஊரின் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே அவர்கள் சொன்ன நேரம் போய்விட்டது. மகள் பின்னாலிருந்து, "அம்மா, மாத்திர எப்ப போட்டீங்க?" என்று கேட்டாள். "இப்பதான்" என்றேன். அது இப்போது இல்லை என்று எனக்கே தெரியும்.

மாப்பிள்ளை வீடு கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது. வாசலிலேயே அவனுடைய அம்மா நின்றிருந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல், நெற்றியில் பெரிய பொட்டு. பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"வாங்க வாங்க. ஜாம்ல மாட்டிக்கிட்டீங்களா? மழ பேஞ்சா இந்த ரோட்டுக்குப் பைத்தியம் புடிச்சிடும் லா. உள்ள வாங்க."

உள்ளே ஆட்டுக்கறி வாசனை. சாப்பாடு தயாராகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அண்ணன் ஷா ஆலமிலிருந்து வரவேண்டும், அவரும் அதே நெரிசலில் நிற்கிறார் போல, அவர் வந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்காரலாம் என்றார்கள். அதுவரைக்கும் பலகாரத் தட்டு வந்தது. லட்டு, கேசரி, முறுக்கு. கூடவே டின்னில் வரும் இனிப்புப் பால் கலந்த தேநீர்.

அந்த லட்டில் ஒன்றை எடுத்துத் தின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இனிப்பைத் தொடக் கூடாது என்று அத்தனை மாதமாக மனதைக் கட்டி வைத்திருந்ததால் கை தானாகவே தட்டையும் தேநீரையும் தள்ளியது. "பல்லு வலிங்க, இனிப்பு ஒத்துக்காது" என்று சிரித்துச் சமாளித்தேன்.

"எனக்கும் இனிப்பு அவ்வளவா புடிக்காது" என்றார் அந்த அம்மா. அவரும் தட்டைத் தொடவில்லை. ஒரு முறுக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை நான் கடிக்கவே இல்லை. வாய் வறண்டு கிடந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஆல்பத்தை எடுத்துவந்து பையனின் சின்ன வயதுப் படங்களைக் காட்டத் தொடங்கினார். நல்ல மனுஷர், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விவரம் சொன்னார். மூன்றாவது நான்காவது பக்கத்தில் படங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மின்விசிறி தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தும் முதுகு முழுக்க வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த முறுக்கு நொறுங்கி மடியில் விழுந்தது. யாரோ எங்கேயோ தூரத்திலிருந்து பேசுவதுபோல அந்த அம்மாவின் குரல் கேட்டது. மகள் என்ன சமைப்பாள் என்று கேட்டாராம்.

அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இல்லை. மகள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஆபீஸ் குரலில், ரொம்ப மரியாதையாகச் சொன்னேனாம்:

"ஒன் மொமன்ட் ப்ளீஸ். த லைன் இஸ் பிஸி. வில் யூ ஹோல்ட்?"

மாப்பிள்ளையின் அப்பா ஆல்பத்தை மூடினாராம். என் கணவர் எழுந்தாராம், மறுபடி உட்கார்ந்தாராம். மகள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அம்மாவுக்கு இனிப்பு நீர்! மாத்திர போட்டுட்டு இன்னும் சாப்பிடல! யாராவது சீனி கொண்டாங்க!"

யாருக்காக அதை மறைத்து வைத்தோமோ, அவளே அதைப் போட்டு உடைத்துவிட்டாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அதற்குள் அந்த அம்மா சமையலறைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். கையில் ரோஸ் சிராப்பு ஒரு பெரிய கிளாஸ். அதில் மேற்கொண்டு சீனியை வேறு அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தார்.

"தெரியுதும்மா, தெரியுது. கொஞ்சம் நகரு" என்று மகளை விலக்கிவிட்டு என் தலையைத் தாங்கிப் பிடித்தார். "குடிங்க. ஒண்ணும் பேச வேணாம். முழுங்குங்க. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம்."

பாதி உள்ளே போனது, மீதி புடவையில் வழிந்தது. எனக்கு முதலில் திரும்பக் கேட்டது மின்விசிறிச் சத்தம். அப்புறம் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. எல்லோரும் என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் ஒரு துண்டை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். என்ன நடந்தது, என்ன வெளியே வந்துவிட்டது என்பது மெல்லப் புரிந்தது. பட்டுப் புடவையெல்லாம் ரோஸ் நிறம். நான் அவமானத்தில் குறுகிப்போனேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். "மறைக்கணும்னு இல்ல. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

"நீங்க மறைச்சீங்க. நாங்க மட்டும் என்ன, தண்டோரா போட்டோமா?" என்றார் அந்த அம்மா.

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து சாமி மேடைக்குப் போய், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து என் மடியில் போட்டார். உள்ளே அதே சின்ன வெள்ளை மாத்திரை.

"மூணு வருஷமா போடுறேன். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க, மாமியாருக்கு நோய், வந்ததும் நம்ம பொண்ண நர்ஸ் வேல பாக்க விட்டுடுவாங்கன்னு நெனைச்சிக்குவாங்கன்னு சாமிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். லட்டத் தள்ளினீங்க பாருங்க, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். பல்லு வலின்னு எத்தன தடவ நானே சொல்லியிருக்கேன்!"

மாப்பிள்ளையின் அப்பா அதுவரைக்கும் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவர், இப்போது மெதுவாகச் சொன்னார்: "இவளுக்கும் ஒரு தடவ பாசார்ல மீன் வாங்கப் போனப்ப இப்படி வந்திச்சு. மீன்காரன்கிட்ட போயி எம் பையனுக்கு எப்ப பரீட்சன்னு கேட்டிருக்கா. அந்தச் சீனன்தான் ஒக்கார வெச்சு கரும்புத்தண்ணி வாங்கிக் குடுத்தான்."

முதலில் சிரித்தது யார் என்று இப்போது சொல்ல முடியாது. நான்தான் என்று என் கணவர் சொல்வார். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "லைன் பிஸின்னு சொன்னீங்களே! என்னைப் போயி ஹோல்ட் பண்ணச் சொன்னீங்களே!" என்று என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த மகளும் சிரித்தாள். அண்ணன் வந்து சாப்பிட்டுக்கொள்ளட்டும், இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அந்த அம்மாவே உத்தரவு போட்டு இலை போடவைத்தார். சோறு பரிமாறிய பிறகு, எல்லோரும் பார்க்க, தன் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவர் வீட்டுக்கே அது புதிய காட்சி என்று பையனின் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு ஆட்டுக்கறியும் சோறும் உள்ளே இறங்கியதுபோல வேறெந்தச் சாப்பாடும் எனக்கு இறங்கியதில்லை.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது, பாதையும் காலியாக இருந்தது. சுங்கை ராசாவைத் தாண்டியதும் என் கணவர், "அந்த பிஸ்கட் டின்ன நாளைக்குத் தூக்கிப் போட்டுடலாம்" என்றார். மகள் பின் இருக்கையில் தூங்கிப்போயிருந்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை யாரோ இறக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று கிடைத்த நிம்மதிகூட இதற்கு ஈடில்லை. அந்த நிம்மதியை நான் ஒளிந்துகொண்டுதான் அனுபவித்திருந்தேன்.

நடந்ததைக் கேட்டு டாக்டர் நன்றாகத் திட்டினார். சோறு கண்ணில் படாமல் மாத்திரையைத் தொடக் கூடாது என்றார். மத்தியானம் சரியாகச் சாப்பிடாமல் வந்தது இன்னொரு தப்பு என்றார். ஆபீஸிலும் சொல்லிவிட்டேன். மலாய்ப் பெண், "இதைத்தானே காக் அன்னிக்கே சொல்லியிருக்கலாம், நான் ஏதோ வயித்துக் கோளாறுன்னு நெனைச்சேன்" என்று கோபித்துக்கொண்டாள். சீனப் பெண் தன் மேசை டிராயரில் எனக்காக மிட்டாய் வைக்க ஆரம்பித்தாள். நான் நினைத்து நடுங்கிய அளவுக்கு யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பரம்பரையாக வரும் விஷயத்தையும் டாக்டரிடமே கேட்டேன். வரலாம், வராமலும் இருக்கலாம், வந்தால் சீக்கிரம் தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்றார். "உங்க பொண்ணுக்கு இதப் பத்தித் தெரியும் இல்லையா? உங்க அப்பா காலத்துல இப்படி முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இல்ல" என்றார்.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தியம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சோறு விழுந்ததும் ஒரே நேரத்தில் மாத்திரைக்காகக் கைப்பையைத் திறந்தோம். பரிமாறுகிறவர் எங்கள் இருவருக்கும் பாயசத்தைக் கொண்டுவந்து திரும்பத் திரும்ப உபசரித்தார். "தம்பி, ரெண்டு பேருக்கும் இனிப்பு நீர், வேணாம். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றார் சம்பந்தியம்மா, மண்டபத்துக்கே கேட்கும்படி.

மகளுக்குப் பிள்ளை உண்டானபோது முதல் காரியமாக இனிப்பு நீர் இருக்கிறதா என்று சோதனை செய்துகொண்டாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவள் போன் செய்து சொன்னபோது நான் சுவிட்ச்போர்டில் இருந்தேன். மற்ற லைன்கள் எல்லாம் அடித்துக்கொண்டே இருந்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் எனக்கு இரண்டாவது மாத்திரை ஒன்று சேர்த்தார்கள். அது கொஞ்சம் பெரிசு. முதல் சில வாரம் வயிற்றைப் புரட்டியது, அப்புறம் பழகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாதத்தில் ஒருநாள் கிள்ளானுக்கு ரயிலேறிப் போவேன். சம்பந்தியம்மா ஸ்டேஷனில் குடையோடு நிற்பார். கடைத்தெருவில் நடந்து, புடவைக் கடையில் வாங்காமல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, கடைசியில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம்.

போன வருஷம் ஒருநாள் கண் ஆஸ்பத்திரியில் சோதனை முடித்துவிட்டு நேராக அங்கேதான் போனேன். மருந்து விட்டிருந்ததால் வெயில் கூசியது. கண்ணின் உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அடுத்த வருஷம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டே அதைச் சொன்னேன்.

"அப்ப இந்தப் புடவ என்ன கலர்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் சம்பந்தியம்மா, முந்தானையை நீட்டி.

"பச்ச."

"நீலம்."

"மருந்து விட்டிருக்காங்க சம்பந்தி. சாயங்காலம் கேளுங்க, சரியா சொல்றேன்."

"தே ஓ கோசோங் ரெண்டு" என்று பாலும் சீனியும் இல்லாத தேநீரைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, எனக்கு இலையை இழுத்துப் போட்டார். சோறு வந்தது. பைகளைத் திறந்தோம்.